சீஷனாக வாழ்வது என்றால் என்ன? புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்

சபை வட்டாரத்தில் 'சீஷத்துவம்' என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. சீஷத்துவ முகாம், சீஷத்துவப் பயிற்சி என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். முகாம் முடிந்து பஸ் ஏறும் வாலிபர்களைப் பிடித்து, "சரி தம்பி, சீஷன்னா யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். இயேசுவோடு இருந்த பன்னிரண்டு பேர் என்பான் ஒருவன். முழுநேர ஊழியத்துக்குப் போகிறவர் என்பான் இன்னொருவன். சினிமா பார்க்காமல், நகை போடாமல், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர் என்றும் ஒரு பதில் வரும். இந்தப் பதில்கள் முழுப் பொய் இல்லை. ஆனால் இவற்றை நம்பி வாழத் தொடங்கினால் வழி தப்பிவிடும்.

கிறிஸ்தவக் குடும்பத்திலேயே பிறந்து வளர்ந்தும் இந்த விஷயம் பிடிபடாமல் இருப்பவர்களுக்காகவும், வெளியிலிருந்து "இவங்க என்னதான் சொல்றாங்க?" என்று பார்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இறையியல் கல்லூரியில் மட்டும் பேசப்படும் சங்கதிகளை விட்டுவிடுகிறேன். கத்தோலிக்கர் 'சீடர்' என்பார்கள், சீர்திருத்த சபையார் 'சீஷர்' என்பார்கள். இரண்டும் ஒருவரைத்தான் குறிக்கின்றன.

கிறிஸ்தவர் வேறு, சீஷர் வேறா?

கிறிஸ்தவராக இருப்பது சாதாரண நிலை, சீஷராக இருப்பது அதற்கு மேலே ஒரு படி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பஸ்ஸில் சாதாரண டிக்கெட், சொகுசு டிக்கெட் இருப்பது மாதிரி. பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டைத் திறந்தால் இந்தப் பாகுபாடே அங்கே இல்லை. 'கிறிஸ்தவன்' என்ற பெயர் அதில் மொத்தம் 3 இடங்களில்தான் வருகிறது. 'சீஷன்' 250 தடவைக்கு மேல் வருகிறது. சீரியாவிலிருந்த அந்தியோகியா பட்டணத்தில்தான் சீஷர்களுக்கு முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று பெயர் வந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆக, முதலில் சீஷர்கள் இருந்தார்கள். கிறிஸ்தவர்கள் என்பது அதே ஆட்களுக்குப் பின்னால் ஒட்டிய பெயர்.

அப்படியானால் சீஷர் என்பவர் யார்? ஒரு குருவோடு கூடவே இருந்து, அவர் வாழும் விதத்தைத் தானும் வாழப் பழகுகிறவர். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரே அர்த்தத்தில்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன். இதில் 'பழகுதல்' என்பதைத்தான் நாம் தொலைத்துவிட்டோம் என்பது என் கருத்து.

தையல் கடையில் சேர்ந்த பையன்

தையல் கடையில் தொழில் கற்கச் சேரும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். காஜா எடுக்கச் சொல்வார்கள், பட்டன் கட்டச் சொல்வார்கள். கொஞ்ச நாள் கழித்து ஹெம்மிங். அதற்கிடையில் கட்டிங் மாஸ்டர் துணியை விரிப்பதையும், சாக்கட்டியால் கோடு போடுவதையும், சட்டை இறுக்கமாகிவிட்டது என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் பையன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். மாஸ்டர் உட்கார வைத்துப் பாடம் நடத்துவது அபூர்வம். "இப்படிப் பிடி", "பிரிச்சுட்டு மறுபடி தை" அவ்வளவுதான். சில வருஷம் கழித்து அவன் கோடு போடும்போது பார்ப்பவர்கள், "நீ அவர்கிட்ட தொழில் பழகினவனாப்பா?" என்று கேட்பார்கள். கை அடையாளம் காட்டிவிடும்.

தையலைப் பற்றிப் பத்துப் புத்தகம் படித்தவன் தையற்காரன் ஆகிவிட மாட்டான். கடையின் பெயர்ப் பலகைக்குக் கீழே தினமும் நின்றாலும் ஆகமாட்டான். சீஷத்துவத்தின் அடிப்படை இவ்வளவுதான். தெரிந்துகொள்வதும் வேண்டும், அங்கே இருப்பதும் வேண்டும், ஆனால் கை பழக வேண்டும்.

இரண்டு இடங்களில் இந்த ஒப்பீடு பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பையன் ஒருநாள் தனிக்கடை போட்டு மாஸ்டர் ஆகிவிடுவான். சீஷன் கடைசிவரை சீஷன்தான். "ஒருவரே உங்களுக்குப் போதகர், நீங்கள் எல்லாரும் சகோதரர்" என்பது இயேசுவின் போதனை (மத்தேயு 23). தன்னைக் குருவாக்கிக்கொண்டு ஆட்களைச் சேர்க்கும் ஊழியக்காரர்களைப் பார்த்தால் இந்த வசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, தையல் மாஸ்டரைக் கண்ணால் பார்க்கலாம். இயேசுவைப் பார்க்க முடியாது. பிறகு எப்படிப் பழகுவது? சுவிசேஷங்கள் (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நூல்கள்), ஜெபம், கூட நடக்கும் ஆட்கள் என்ற மூன்று வழிகளில் அவர் இன்றும் பழக்குவிக்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. தூய ஆவியானவர் உள்ளிருந்து செய்யும் வேலை என்று இதைச் சொல்வார்கள்.

கலிலேயாவில் நடந்தது

முதல் நூற்றாண்டு யூதர்களிடையே குரு-சீடர் வழக்கம் புதிதல்ல. ரபீ எனப்படும் போதகர்களைச் சுற்றி மாணவர்கள் இருந்தார்கள். பொதுவாக மாணவன்தான் குருவைத் தேடிப் போவான். இயேசு தாமே கடற்கரைக்குப் போய் ஆள் கூப்பிட்டார். அதுவும் யாரை? வலை வீசிக்கொண்டிருந்த சீமோனையும் (பின்னாளில் பேதுரு எனப்பட்டவர்) அந்திரேயாவையும், படகில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த யாக்கோபையும் யோவானையும், சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருந்த லேவியையும். பன்னிரண்டு பேரில் 'செலோத்தே' என்ற பட்டப்பெயரோடு இன்னொரு சீமோனும் இருந்தான். செலோத்தே என்றால் யூத மத, தேச வைராக்கியம் மிகுந்தவன். ஆட்சியாளருக்காக வரி வசூலித்தவனும் இப்படிப்பட்டவனும் ஒரே பந்தியில் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரிப் பேச்சு சூடாகத்தான் இருந்திருக்கும்.

இவர்களை எதற்காகத் தெரிந்தெடுத்தார் என்று மாற்கு 3ஆம் அதிகாரம் சொல்கிறது. முதலில் தம்மோடு இருப்பதற்கு, பிறகு அனுப்பப்படுவதற்கு. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கூட நடந்தார்கள், பார்த்தார்கள், புரியாததைத் தனியே கேட்டார்கள். அப்புறம் இரண்டு இரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்பினார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்கள். ஒருமுறை ஒரு பையனைக் குணமாக்க முடியாமல் கூட்டத்துக்கு முன்னால் திணறினார்கள். பிறகு வீட்டில் தனியாக, "எங்களால் ஏன் முடியவில்லை?" என்று கேட்டுக்கொண்டார்கள். செய்ய விட்டு, தவறினால் திருத்தி, மறுபடி செய்ய விடும் முறை இது.

பெண்களும் இந்தக் குழுவில் இருந்தார்கள். மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் ஆகியோர் கூடவே பயணம் செய்ததையும், தங்கள் பணத்தைப் போட்டுச் செலவைத் தாங்கியதையும் லூக்கா 8 பதிவு செய்திருக்கிறது. பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்டாள். அது மாணவர் உட்காரும் இடம். அவள் சகோதரி மார்த்தாள் அடுப்படியிலிருந்து கோபப்பட்டதைத்தான் நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், எல்லாக் கிறிஸ்தவருமே சீஷராகத்தான் அழைக்கப்பட்டார்கள். அது கூட இருந்து வாழப் பழகும் வேலை. அதற்குப் படிப்போ வம்சமோ தகுதியாகக் கேட்கப்படவில்லை.

கிருபை இருக்கும்போது பழகுவது எதற்கு?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "கிருபையால்தானே இரட்சிப்பு? அப்புறம் கீழ்ப்படிதல், பயிற்சி என்றெல்லாம் ஏன்?" கிருபை என்பது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. பாவத்திலிருந்து மீட்கப்படுவதை யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது என்பதில் எல்லாச் சபைகளும் ஒன்றுபடுகின்றன. அதை வேறுவிதமாகச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் சேர்த்துக்கொள்ளப்பட்டது இலவசம் என்பதற்கும், சேர்ந்த பிறகு ஒன்றும் நடக்கத் தேவையில்லை என்பதற்கும் வெகுதூரம். எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் 8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர் உண்டு. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்பவை அவை. அதோடு ஒட்டிவரும் 10ஆம் வசனத்துக்கு முன்னாலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் உண்டாக்கப்பட்டோம் என்று அது சொல்கிறது.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெயரே வைத்தார்: மலிவான கிருபை. மனந்திரும்பச் சொல்லாத மன்னிப்பு, பின்பற்றுதல் இல்லாத கிருபை என்று விளக்கினார். மனந்திரும்புதல் என்றால் அழுவது மட்டுமல்ல, போகிற பாதையை மாற்றிக்கொள்வது. ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மன் சபைகள் பெரும்பாலும் வாய்மூடி இருந்த காலம் அது. ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் அவர் இளம் போதகர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். ஜெபமும், பாவ அறிக்கையும், ஒரே கூரையின் கீழான வாழ்க்கையும் அங்கே பாடத்திட்டம். 1937இல் ரகசியப் போலீஸ் அதை மூடியது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

"எனக்கு இந்த மருமகதான் சிலுவை"

சீஷத்துவத்தைப் பற்றி இயேசு சொன்னதில் அதிகம் சிதைந்துபோனது இதுதான். "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்" என்பது லூக்கா 9ஆம் அதிகார வசனம். நம் பேச்சில் சிலுவை என்றால் தலைவிதி என்று ஆகிவிட்டது. சர்க்கரை வியாதி சிலுவை, வாடகை வீடு சிலுவை, ஒத்துவராத மருமகள் சிலுவை.

ரோமப் பேரரசில் சிலுவை என்பது அரசாங்கம் கொடுக்கும் மரண தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. தண்டனை பெற்றவன் குறுக்குச் சட்டத்தைத் தானே சுமந்துகொண்டு தெருவழியாகப் போகவேண்டும், ஊர் பார்த்துச் சிரிக்கும். இயேசுவின் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது நேரில் பார்த்த காட்சியாக இருந்திருக்கும். ஆகவே அவர் சொன்னது தானாக வந்து சேரும் கஷ்டத்தை அல்ல. தம்மைப் பின்பற்றுவதால் கௌரவம், லாபம், பாதுகாப்பு இவற்றில் ஏதோ ஒன்று போகும், அது தெரிந்தும் மனமொத்து நடப்பதைச் சொன்னார். காய்ச்சல் யாருக்கும் வரும், அதில் சிலுவை இல்லை. கணக்கை மாற்றி எழுதச் சொன்ன முதலாளிக்கு முடியாது என்று சொல்லிப் பதவி உயர்வை இழந்தால், அது சிலுவைக்குப் பக்கத்தில் வருகிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனைப் பொறுத்துக்கொள்வதுதான் உன் சிலுவை என்று பெண்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. இயேசு தம் சிலுவையைத் தாமே எடுத்தார். அடுத்தவர் தோளில் தூக்கி வைத்துவிட்டு, சும என்று சொன்னவர் அவர் அல்ல. "தன்னை வெறுத்தல்" என்பதும் தன்னைக் குப்பையாக நினைப்பதல்ல. என் வாழ்க்கைக்கு நானே எஜமான் என்ற இடத்தைக் காலி செய்வதுதான் அதன் பொருள்.

நம்ம ஊரிலேயே ஒருவர் கதை இருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மாவின் திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் அதே அரசின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சு தளபதி டிலனாயோடு அவருக்குப் பழக்கம். குடும்பத்தில் நஷ்டமும் துக்கமுமாக இருந்த நாட்களில் டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் பைபிள் கதையைச் சொன்னதாக வரலாறு. கூட்டமோ ஒலிபெருக்கியோ இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். அவர் துறவியும் இல்லை, குருவானவரும் இல்லை. குடும்பஸ்தர், சம்பளக்காரர். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதும் உண்டதும் அவர்மேல் வந்த வெறுப்புக்கு ஒரு காரணம். 1749இல் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். பொதுநிலையினர் என்றால் குருக்களோ துறவியரோ அல்லாத சாதாரண விசுவாசிகள். அறிவிப்பில் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் இல்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

"எல்லாத்தையும் வித்துட்டு வா" என்று ஒரு பணக்கார வாலிபனிடம் இயேசு சொன்னது உண்மை (லூக்கா 18). அவன் துக்கத்தோடு போய்விட்டான். இந்த ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு, சீஷன் என்றால் வேலையை விட்டுப் பையைத் தோளில் மாட்ட வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அதே லூக்கா, அடுத்த அதிகாரத்திலேயே எரிகோவின் சகேயுவைக் காட்டுகிறார். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்கிறான். மீதிப் பாதியையும் கொடு என்று இயேசு கேட்கவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார். மாற்கு 5இல் பிசாசு பிடித்துக் கல்லறைகளில் திரிந்தவன் குணமான பிறகு, நானும் கூட வருகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு கூட்டிப் போகவில்லை. வீட்டுக்குப் போய் உன் சொந்தக்காரரிடம் சொல் என்று அனுப்பிவிடுகிறார். படகில் ஏறுவதும் பின்பற்றுதல்தான், ஊருக்குத் திரும்புவதும் பின்பற்றுதல்தான். யாருக்கு எது என்று அழைப்பவர் தீர்மானிக்கிறார்.

யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் 'சீஷி' என்று அழைக்கிறது. அவள் பிரசங்கித்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் கூடி நின்று அழுதுகொண்டே, தங்களோடு இருந்தபோது அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். சீஷத்துவத்துக்குச் சான்றாக அங்கே நீட்டப்பட்டது தைத்த துணி.

இதனால் 'ஊழியம்' என்பதையும் கொஞ்சம் விரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியர், நர்ஸ், ஆட்டோ ஓட்டுநர் யாராக இருந்தாலும் அவர் வேலை செய்யும் இடம்தான் அவர் பழகும் பட்டறை. முழுநேர ஊழியர் ஒரு வகை சீஷர், அவ்வளவே.

காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு

சரி, பழகுவது என்றால் குறிப்பாக எதைப் பழகுவது? மத்தேயு 5 முதல் 7 வரையிலான மலைப்பிரசங்கத்தில் பாடங்கள் இருக்கின்றன. சத்தியம் செய்யத் தேவையில்லாத அளவுக்கு ஆம் என்றால் ஆம் என்று பேசுவது, பகைவனுக்காக ஜெபிப்பது, கொடுப்பதை ஊருக்குக் காட்டாமல் கொடுப்பது, நாளைக்காகக் கவலைப்படாமல் இருப்பது. எல்லாவற்றையும் விளக்கினால் கட்டுரை புத்தகமாகிவிடும். ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

நீ பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து. ஒப்புரவு என்றால் முறிந்த உறவைச் சரிசெய்வது. இதைக் கேட்ட கூட்டம் இருந்தது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேம் ஆலயத்தில். நூறு கிலோமீட்டருக்கும் மேல், நடந்தால் சில நாள் பயணம். பலிப்பொருளோடு அவ்வளவு தூரம் நடந்து, கடைசியில் பீடத்தின் முன்னால் நின்றுகொண்டு, ஊரில் தம்பியோடு உள்ள மனஸ்தாபம் நினைவுக்கு வந்தால் திரும்பி நட என்கிறார். கேட்டவர்களில் சிலர் சிரித்திருக்கவும் கூடும்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவருவது சுலபம். பாகப்பிரிவினையில் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் ஒரே கோயிலில் வலப்பக்கக் கடைசியிலும் இடப்பக்கக் கடைசியிலும் உட்காருவார்கள். இருவரும் நன்கொடை கொடுப்பார்கள், இருவரும் திருவிருந்து எடுப்பார்கள். வருஷக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். எந்தச் சபையிலும் இப்படி ஒரு ஜோடியாவது உண்டு. இருவருக்கும் அந்த வசனம் தெரியும், ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசும் வாங்கியிருப்பார்கள்.

சீஷனுக்கு இங்கே வேலை தொடங்குகிறது. முதலில் வசனம் உறுத்துகிறது. அப்புறம் மனசு நூறு நியாயம் சொல்கிறது: தப்பு அவன்மேல், பத்திரம் என் பக்கம். ஜெபத்தில் அந்த நியாயங்களைக் கடவுள் முன் கொட்டுகிறான். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுகிறான், அவர் "நீ போன் பண்ணு" என்கிறார். போன் செய்கிறான், தம்பி எடுக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி செய்கிறான். பேச்சு ஆரம்பித்து மறுபடி சண்டையில் முடிந்தாலும் முடியலாம். எல்லை வழக்கு எப்படி முடிகிறது என்பது இருவர் கையிலும் உள்ளது. ஆனால் இவனுக்குள் ஒன்று நகர்ந்துவிட்டது. தான் சொல்வதே சரி என்ற இறுக்கம் ஒரு நூல் தளர்ந்திருக்கிறது. அடுத்த மனஸ்தாபத்தில் போனை எடுப்பது கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். இந்த மெதுவான மாற்றத்துக்குத்தான் 'பரிசுத்தமாகுதல்' என்று பெயர்.

ஜெபமும் உபவாசமும் வேதவாசிப்பும் இந்த வேலைக்கான கருவிகள். கருவியை எத்தனை மணிநேரம் கையில் வைத்திருந்தேன் என்று கணக்குக் காட்டுவதில் பயனில்லை.

தனியாகப் பழக முடியாது

"நான் வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்குவேன், சபையெல்லாம் வேண்டாம்" என்பவர்களின் சலிப்பு எனக்குப் புரிகிறது. சபை அரசியலைப் பார்த்தவர்கள் யாருக்கும் அது வரும். ஆனாலும் பிறரை நேசி, மன்னி, சும, உபசரி என்ற பாடங்களைத் தனியாக உட்கார்ந்து எப்படிப் படிப்பது? எரிச்சலூட்ட ஆள் இருந்தால்தான் பொறுமை பழகலாம்.

ஆரம்பச் சீஷர்கள் செய்ததாக அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரம் நான்கைச் சொல்கிறது: போதனை, ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இதில் ஒன்று சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதில்தான் ஆதிச்சபைக்குப் பெரிய சண்டையே வந்தது. கிறிஸ்தவர் என்ற பெயர் பிறந்த அதே அந்தியோகியாவில், யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அப்போஸ்தலனாகிய பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் 2இல் அவரே எழுதியிருக்கிறார். தலைமைச் சீஷனுக்கே எல்லார் எதிரிலும் திருத்தம்.

இதைப் படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவனுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக்கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே வரிசையில் உட்காரவும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கவும் அவர்களால் முடியவில்லை. ஞானஸ்நானமும் கீர்த்தனைகளும் வேதவாசிப்பும் அவர்களிடம் இருந்தன. பந்தி மட்டும் தனி. இன்று திருநெல்வேலிப் பக்கம் அசனப் பண்டிகையில் எல்லாரும் ஒரே சோறு சாப்பிடுகிறார்கள், மகிழ்ச்சி. கல்யாணப் பேச்சு வரும்போது விளம்பரத்தில் என்ன எழுதுகிறோம் என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். தேவசகாயத்தின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் நம்மைக் குத்துகிறது.

இரண்டாவது சுருக்கம்: கிருபை பழகுதலுக்குத் தடையில்லை, தொடக்கம். சிலுவை என்பது பின்பற்றுவதற்காக மனமொத்து ஏற்கும் விலை. இடம் அவரவர் வீடும் வேலையும். துணை, சபை.

தவறிவிட்டால்?

தவறுவீர்கள். மாற்கு சுவிசேஷத்தைப் படித்தால் சீஷர்கள் புரிந்துகொண்ட இடங்களைவிடப் புரியாமல் விழித்த இடங்கள்தான் அதிகம். இயேசு தம் மரணத்தைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு, யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை கேட்கிறார்கள். கடைசி இராப்போஜனத்திலேயே எங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் நடந்ததாக லூக்கா எழுதுகிறார்.

பேதுருவின் கதை தெரிந்ததுதான். இயேசு பிடிபட்ட இரவில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னார். யோவான் 21இல், உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு என்றே எழுதியிருக்கிறது. மூன்று தடவை கேள்வி, மூன்று தடவை பதில், பிறகு வேலை: "என் ஆடுகளை மேய்." ஏன் மறுதலித்தாய் என்ற விசாரணை அங்கே இல்லை. பிரித்துவிட்டு மறுபடி தை என்பதுதான்.

எங்கே தொடங்குவது

மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். ஒரு மாலையில் முழுதாக வாசித்துவிடலாம். துண்டு துண்டாக வாக்குத்தத்த வசனம் தேடாமல், ஒரு கதையாக ஒரே மூச்சில் படியுங்கள். அப்புறம் மலைப்பிரசங்கத்தில் உங்களை உறுத்தும் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதையே பழகிப் பாருங்கள். பத்தை ஒரே நேரத்தில் எடுத்தால் ஒன்றும் நடக்காது.

கூடப் பேசுவதற்கு, இந்தப் பாதையில் கொஞ்சம் முன்னே போயிருக்கும் ஒருவரைத் தேடுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டாம். மனைவியிடம் எந்தக் குரலில் பேசுகிறார், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்தத் தேதியில் சம்பளம் கொடுக்கிறார், யாராவது தன் தவறைச் சுட்டிக்காட்டினால் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, அவரிடம் போய்க் கேளுங்கள்.